தலைக்கவசம் இல்லாத பூனை

எங்கள் கம்பெனியில் யாரையும் மரியாதைக் குறைவாக வேலையை விட்டு அனுப்புவதில்லை. "நாளையிலிருந்து வர வேண்டாங்க" என்பார்கள். அந்த 'ங்க' எப்போதும் விட்டுப்போகாது. பிரிண்டிங் இன்சார்ஜ் அந்தோணிராஜை அனுப்பியபோதும் அப்படித்தான். கான்பரன்ஸ் ஹாலில் உட்காரவைத்து, காப்பி வரவழைத்து, அவர் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து சொன்னார்கள். அவர் செய்யாத தப்புக்கு.

நான் தமிழ்மதி. திருப்பூர் அவிநாசி ரோட்டில் இருக்கும் அந்த பனியன் கம்பெனியின் கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட். டிபார்ட்மென்ட்டில் வேலை பார்க்கிறேன் என்று சொல்லவில்லை, டிபார்ட்மென்ட்டே நான்தான். ஐரோப்பாவுக்குக் குழந்தைகள் சட்டை தைத்து அனுப்புகிறோம். ஒவ்வொரு ஆர்டருக்கும் படம், பிரிண்ட் டிசைன், கலர், லேபிள் என்று ஏகப்பட்டது இருக்கும். ஒரு காலத்தில் அதெல்லாம் வாட்ஸப் குரூப்பில் கல்யாணப் பத்திரிகைகளுக்கும் காலை வணக்க ரோஜாக்களுக்கும் நடுவில் கிடந்தது. பார்க்கச் சகிக்காமல் நான் ஒரு வெப் அப்ளிகேஷன் எழுதினேன். ஒரு ஆர்டருக்கு ஒரு பக்கம். தைக்கிறவர், பிரிண்ட் அடிக்கிறவர், பேக்கிங் செய்கிறவர், வெளிநாட்டில் உட்கார்ந்து சரக்கு வாங்கும் பையர், எல்லோரும் அதே பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். மாடிப்படிக்குக் கீழே, யுபிஎஸ்ஸுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பழைய கம்ப்யூட்டரில் அது ஓடியது. ஓடுகிறது என்பதே யாருக்கும் தெரியாத அளவுக்கு ஒழுங்காக ஓடியது. எங்கள் டைரக்டர் முகிலனுக்கு அதில் பெருமைப்பட ஒன்றும் கிடைக்காமல் போனது அதனால்தான்.

முகிலன் முதலாளியின் மகன். டைரக்டராக அதற்கு மேல் தகுதி எதற்கு என்று அவர் அப்பா நினைத்தார், அவரும் மறுக்கவில்லை. கோயமுத்தூரில் ஒரு ஓட்டலில் நடந்த கருத்தரங்குக்குப் போய் வந்தவர், நேராக மாடிப்படிக்குக் கீழே வந்து குனிந்து பார்த்தார்.

"இதுதானுங்களா நம்ம சர்வர்?" செத்த எலியைக் காட்டிக் கேட்பதுபோல் கேட்டார். "பையர் கேட்டா மாடிப்படிக்கு அடியில வெச்சிருக்கோம்னு சொல்றதுங்களா? க்ளவுடுக்கு மாத்திரணுங்க."

க்ளவுடுக்கு மாற்றுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. கரன்ட் போகும்போதெல்லாம் ஓடிவந்து பார்க்க வேண்டியிருந்ததால் நானே இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் நான் கேட்டால் அது செலவு. கருத்தரங்கில் கேட்டால் அது தொலைநோக்கு. அந்தத் தொலைநோக்கோடு கூடவே ராஜபாண்டியும் வந்து சேர்ந்தார்.

ராஜபாண்டி பெங்களூரு கன்சல்டன்ட். சொந்த ஊர் மதுரைப் பக்கம். பேச்சில் அதை யாரும் கண்டுபிடிக்க முடியாது. தமிழ் தெரிந்தவர்களிடமும் ஆங்கிலத்தில்தான் பேசுவார். ஆங்கிலம் தெரிந்தவர்களிடம் இன்னும் வேகமாகப் பேசுவார், யோசிக்க நேரம் கிடைத்துவிடக் கூடாதென்று. அவர் பேசியதையெல்லாம் நான்தான் தமிழாக்கிச் சொல்கிறேன்.

இங்கே கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. ஒரு வெப் பக்கத்தில் இரண்டு விதமான சமாச்சாரம் உண்டு. ஒன்று, கேட்கிற நேரத்தில் புரோகிராம் பார்த்துச் சொல்வது: எத்தனை பீஸ் முடிந்தது, எப்போது ஷிப்மென்ட் என்பது மாதிரி. இன்னொன்று, யார் கேட்டாலும் அப்படியே எடுத்துக் கொடுப்பது: படம், டிசைன், பக்கத்தின் அலங்காரம். இதற்கு ஸ்டாட்டிக் ஃபைல் என்று பெயர். க்ளவுடில் இவற்றைத் தனி ஸ்டோரேஜில் போட்டு, கேட்பவருக்கு எந்த சர்வர் பக்கமோ அங்கிருந்து கொடுப்பார்கள். ஒருமுறை வாங்கியதை நம் கம்ப்யூட்டரும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை அதே பெயரைக் கேட்டால் வெளியே போய் விசாரிக்காமல், தன் கையில் இருக்கும் பிரதியையே காட்டிவிடும். வேகம் அதனால்தான் கிடைக்கிறது. பெயரை மாற்றாமல் படத்தை மட்டும் மாற்றினால் மோசம் போவதும் அதனால்தான். பழைய பிரதி வைத்திருப்பவருக்கு, படம் மாறிய விஷயமே தெரியாது.

அதனால் நான் எழுதியதில் ஒவ்வொரு ஃபைல் பெயரோடும் கொஞ்சம் எழுத்தும் எண்ணும் தானாகவே ஒட்டிக்கொள்ளும். படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் பெயர் மாறிவிடும். புதுப் பெயரைக் கேட்டால் கம்ப்யூட்டர் புதுப் படத்தைத்தான் வாங்கி வரும்.

ராஜபாண்டி எல்லாவற்றையும் க்ளவுடுக்கு மாற்றி, பெரிய திரையில் போட்டுக் காட்டினார். முகிலன் முகம் மலர்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு ஃபைலின் பெயரைக் கண்டதும் நெற்றியைச் சுருக்கினார்.

"இதென்னுங்க, லாரி நம்பர் மாதிரி? பாக்கறதுக்கே அசிங்கமா இருக்குதுங்களே."

"அது வேணும்னுதான் சார் வெச்சிருக்குது. ஃபைல் பேரை எந்தப் பையரும் படிக்க மாட்டாங்க."

"நான் படிச்சேனுங்கல்ல?"

"க்ளீன் பண்ணிடலாம் சார்," என்றார் ராஜபாண்டி. முகிலன் எதைச் சொன்னாலும் அவருக்கு இந்த ஒரு பதில் இருந்தது. மறுநாளே அந்த எழுத்தும் எண்ணும் காணாமல் போயின. போதாதென்று, வாங்கிய பிரதியை ஒரு வருஷத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் அனுமதி கொடுத்துவிட்டார். பக்கம் கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்தது. முகிலன் கைதட்டினார்.

"பேரும் மாறாது, பிரதியும் வருஷம் முழுக்க இருக்கும்னா, நடுவுல படத்தை மாத்தினா என்னங்க ஆகும்?" என்று கேட்டேன்.

"பர்ஜ் இருக்கு மேடம். பட்டனைத் தட்டினா பழைய காப்பி எல்லாம் அழிஞ்சிடும்."

"அது உங்க க்ளவுடுல இருக்கற காப்பியை அழிக்கும். எங்க பிரிண்டிங் ரூம் கம்ப்யூட்டருக்குள்ள இருக்கறதை யாருங்க அழிக்கறது?"

ராஜபாண்டி முகிலனைப் பார்த்துச் சிரித்தார். முகிலனும் சிரித்தார். ஒரு பெண் சரியான கேள்வி கேட்டுவிட்டால் இரண்டு ஆண்கள் தங்களுக்குள் சிரித்துக்கொள்ளும் சிரிப்பு அது. நான் அதையே மெயிலாகவும் எழுதி அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் படம் பதிலாக வந்தது. அதற்குப் பிறகு அட்டென்டன்ஸ் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வந்து சேர்ந்தது. ஒவ்வொரு செக்‌ஷன் சுவரிலும் ஒரு லேமினேட் செய்த தாள் ஏறியது: 'போர்ட்டலில் இருப்பதே இறுதி.' என் அப்ளிகேஷனுக்கு முகிலன் வைத்த புதுப் பெயர்தான் போர்ட்டல்.

அந்த சீசனில்தான் பூனை வந்தது.

பனியனின் நெஞ்சில் ஒரு பூனை ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு போகும். நன்றாகத்தான் வரைந்திருந்தார்கள். மங்கலம் ரோட்டில் இருக்கும் எங்கள் பிரிண்டிங் யூனிட்டில் அந்தோணிராஜ் முதலில் ஒரு சாம்பிள் அடித்துக் கொடுத்தார், பையர் ஒப்புக்கொண்டார். அந்தோணிராஜுக்கு வடக்கன்குளம் பக்கம். கல்யாணமான புதிதில் மனைவி ஆஷாவோடு திருப்பூருக்கு வந்து, டேபிளில் சாயம் இழுக்கும் வேலையில் ஆரம்பித்தவர். இப்போது அவருக்குக் கீழே ஊர்க்காரப் பையன்களும் ஒடிசாக்காரர்களுமாக ஒரு கூட்டமே இருந்தது. எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் செய்வார். ஆபீசில் சிலருக்கு அது எரிச்சல்.

சாம்பிளை ஒப்புக்கொண்ட பிறகு, பையரின் பாதுகாப்புப் பிரிவில் யாரோ விழித்துக்கொண்டார்கள். குழந்தைகள் போடும் சட்டையில் பூனை ஹெல்மெட் இல்லாமல் வண்டி ஓட்டலாமா என்று கேள்வி வந்தது. அங்கெல்லாம் பூனைகளுக்கும் போக்குவரத்து விதி உண்டு போலிருக்கிறது. சிவப்பு ஹெல்மெட் மாட்டிய புதுப் பூனையை அனுப்பிவைத்தார்கள்.

அதைப் போர்ட்டலில் ஏற்றியவள் ஜோதிகா. கணியூரிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் மெர்ச்சண்டைசர்; பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் ஆர்டரைப் பார்த்துக்கொள்கிறவள். சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஏற்றிவிட்டுத் திறந்து பார்த்தால் பழைய பூனைதான் தெரிந்தது. ராஜபாண்டிக்குப் போன் போட்டாள். அவர் பர்ஜ் பட்டனைத் தட்டினார். அப்போதும் பழைய பூனை. கடைசியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொன்னார். ஹெல்மெட் வந்துவிட்டது.

ஜோதிகா முகிலனிடம் போய், "சார், பிரிண்டிங் ரூமுக்கும் இந்த மாதிரி அழுத்தோணும்னு சொல்லிரட்டுங்களா?" என்று கேட்டிருக்கிறாள்.

"வேண்டாங் கண்ணு. அதெல்லாம் சொன்னா போர்ட்டல்ல கோளாறுன்னு நெனைச்சுக்குவாங்க. புது டிசைன் ஏத்தியாச்சுன்னு மட்டும் மெசேஜ் போடு."

"இன்னொரு தடவை சாம்பிள் அடிச்சுப் பாத்துரலாங்களா சார்?"

"போர்ட்டல் எதுக்குங் கண்ணு இருக்குது?"

மெசேஜ் போனது. அந்தோணிராஜ் பிரிண்டிங் ரூம் கம்ப்யூட்டரில் பக்கத்தைத் திறந்தார். அந்தக் கம்ப்யூட்டர், சாம்பிள் அடித்த காலத்தில் வாங்கி வைத்திருந்த பழைய பூனையை உடனே எடுத்துக் காட்டியது. அவர் பெரிதாக்கிப் பார்த்தார். கலரைப் பார்த்தார். ஒரு வித்தியாசமும் தெரியாமல் ஜோதிகாவைக் கூப்பிட்டார்.

"பாப்பா, புதுசுன்னு சொல்லுதீங்க. எனக்குப் பழசு மாதிரியேதான் தெரியுது. என்ன மாறியிருக்கு?"

ஜோதிகா அப்போது ஒரு மீட்டிங்கில் இருந்தாள். எதிரே முகிலன் உட்கார்ந்திருந்தார். "போர்ட்டல்ல இருக்கறதுதானுங்க அண்ணா ஃபைனல்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். அந்தோணிராஜ் சுவரில் இருந்த தாளைப் பார்த்தார். அதிலும் அதேதான் எழுதியிருந்தது. வேலையை ஆரம்பித்தார்.

அடித்து, தைத்து, அயர்ன் போட்டு, பெட்டியில் அடுக்கியான பிறகு, பையர் தரப்பில் சோதிக்க வந்த சித்ராதேவி ஒரு பெட்டியைப் பிரித்து ஒரு பனியனை எடுத்து விரித்தார்.

"ஹெல்மெட் எங்கீங்க?" என்று கேட்டார்.

"பார்க்கிங்ல வண்டிமேல இருக்குதுங்க மேடம்," என்றார் பேக்கிங் சூப்பர்வைசர்.

சித்ராதேவி அடுத்த பெட்டியைப் பிரிக்கச் சொன்னார். அதற்கடுத்ததையும். எல்லாப் பூனைகளும் வெறுந்தலையோடு உல்லாசமாகப் போய்க்கொண்டிருந்தன.

சாயங்காலமே கான்பரன்ஸ் ஹாலில் கூட்டம். ப்ரொஜெக்டர் வேலை செய்யவில்லை என்று என்னைக் கூப்பிட்டதால் நானும் அங்கே இருந்தேன். ராஜபாண்டி பெங்களூரிலிருந்து வீடியோவில் வந்தார். அந்தோணிராஜ் கையில் சாயக்கறையோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"பழைய டிசைன் ஃபிலிமை எடுத்து அடிச்சுட்டீங்க, அப்படித்தானுங்க?" என்றார் முகிலன்.

"இல்ல சார். போர்ட்டலைத் தொறந்து பாத்துட்டுத்தான் அடிச்சேன். அதுல ஹெல்மெட் கெடையாது."

முகிலன் பக்கத்தைத் திறந்து பெரிய திரையில் போட்டார். கான்பரன்ஸ் ஹால் கம்ப்யூட்டரில் அந்த ஆர்டரின் பக்கத்தை அதற்குமுன் யாரும் திறந்ததில்லை; அதனால் புதுப் படத்தை வாங்கி வந்து காட்டியது. சிவப்பு ஹெல்மெட், கீழே வார் கூட மாட்டியிருந்தது.

"இதென்னுங்க பின்ன?"

"அங்க இது இல்ல சார்."

"க்ளவுட் எல்லா இடத்துக்கும் ஒண்ணுதான்," என்று ராஜபாண்டி திரையிலிருந்து சொன்னார். "ஊருக்கு ஒரு பூனை காட்டாது." முகிலன் சிரித்தார். ஜோதிகா மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. "சார், அந்த ரூம் கம்ப்யூட்டரைப் பாக்காம முடிவு பண்ணாதீங்க," என்றேன்.

"ப்ரொஜெக்டர் சரியாயிருச்சுங்கல்ல? நீங்க போலாங்க."

காப்பி வந்தது. அந்தோணிராஜ் குடித்தார். முகிலன் சொன்னார். அந்தோணிராஜ் டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு, நாற்காலியை மேஜைக்குள் சரியாகத் தள்ளிவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனார். யார் தப்பு என்று கண்டுபிடிக்க அந்த அறைக்கு ஒரு டம்ளர் காப்பி நேரம் போதுமானதாக இருந்தது.

மறுநாள் காலையில் அட்டென்டன்ஸ் மெஷினை அதன் போக்கில் விட்டுவிட்டு, ஸ்கூட்டியில் மங்கலம் ரோட்டுக்குப் போனேன். பிரிண்டிங் ரூமில் டேபிள்கள் காலி. இரண்டு ஒடிசாக்காரப் பையன்கள் மட்டும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். கம்ப்யூட்டரைப் போட்டு, பக்கத்தைத் திறந்தேன். வெறுந்தலைப் பூனை. என் போனில் அதே பக்கத்தைத் திறந்தேன். ஹெல்மெட் பூனை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வீடியோ எடுத்துக்கொண்டிருக்கும்போது, மேஜைமேல் இருந்த யூனிட் போன் அடித்தது. எடுத்தேன்.

"ப்ரோ, ஹெட் ஆபீஸ்லேருந்து ராஜபாண்டி பேசறேன். அங்க சிஸ்டம் ஆன்ல இருக்கா? சின்ன க்ளீனிங். கன்ட்ரோல், ஷிஃப்ட், டிலீட் மூணையும் சேர்த்து அழுத்துங்க. ஒரு பாக்ஸ் வரும். எல்லாத்தையும் டிக் பண்ணி ஓகே குடுத்துடுங்க."

அப்படி அழுத்தினால் அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பழைய பிரதியெல்லாம் அழிந்துவிடும். இந்த மனுஷரை நான் அதுவரை அரைகுறை என்றுதான் நினைத்திருந்தேன். இவ்வளவு தெளிவாக விஷயம் தெரிந்தவர் என்று அப்போதுதான் தெரிந்தது. அதுவும் நல்ல தமிழில் சொன்னார்.

"எதுக்குங்க அழிக்கோணும்?" என்றேன்.

"ஹலோ, யாரு பேசறது?"

"தமிழ்மதி பேசறேனுங்க. அழிக்க வேண்டாம், அப்படியே கொண்டுட்டு வர்றேன்."

வயர்களைக் கழற்றி, சிபியுவை ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி, இரண்டு முழங்காலாலும் இறுக்கிக்கொண்டு, ஒவ்வொரு வேகத்தடையிலும் வாயில் வந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டபடி ஆபீஸ் வந்து சேர்ந்தேன். கான்பரன்ஸ் ஹாலில் முகிலனும், ராத்திரியே பெங்களூரிலிருந்து கிளம்பி வந்திருந்த ராஜபாண்டியும் உட்கார்ந்து பையருக்கு அனுப்ப வேண்டிய விளக்கத்தை எழுதிக்கொண்டிருந்தார்கள். ஜோதிகா டைப் செய்துகொண்டிருந்தாள். 'பிரிண்டிங் ஊழியரின் கவனக்குறைவு' என்பதுவரை வந்திருந்தது.

நான் யாரிடமும் கேட்காமல் சிபியுவை மேஜைமேல் வைத்து, மானிட்டரை மாட்டி, நெட் வயரைச் செருகிப் பக்கத்தைத் திறந்தேன். ப்ரொஜெக்டரிலும் அதே பக்கத்தைப் போட்டேன். பெரிய திரையில் ஹெல்மெட் போட்ட பூனை. மேஜையில் போடாத பூனை. இரண்டும் ஒரே விலாசம்.

முகிலன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏனுங்க இப்படி?"

"ஃபைல் பேர் அழகா இருக்கோணும்னு சொன்னீங்கல்ல சார், அதுக்கு வந்த விலை."

"ஆக்சுவலா இது யூசர் சைடு இஷ்யூ சார்," என்றார் ராஜபாண்டி. "அவங்க ரெஃப்ரெஷ் பண்ணியிருக்கணும்."

"அது அவங்களுக்கு எப்படித் தெரியும்? யாருங்க சொன்னது?"

"பேசிக் நாலெட்ஜ் மேடம்."

"இப்பக் காலையில போன்ல எனக்குச் சொன்னீங்களே, அதே அக்கறையா அன்னிக்கு அந்தோணிராஜுக்குச் சொல்லியிருக்கலாமுங்க." நடந்ததைச் சொன்னேன். ராஜபாண்டி தன் லேப்டாப்பில் அவசரமாக ஏதோ தேட ஆரம்பித்தார்.

"சரிங்க, சரிங்க," என்றார் முகிலன். "யார் தப்புன்னு இப்பத் தோண்ட வேண்டாங்க. அடுத்து என்ன பண்றதுன்னு பாப்போம்."

"எனக்குத் தெரியும் சார்." ஜோதிகா பேசினாள். எழுந்து நின்றுதான் பேசினாள். "இவர் எனக்கு அழுத்தச் சொல்லிக் குடுத்தாரு. நான் பிரிண்டிங் ரூமுக்குச் சொல்லட்டுங்களான்னு உங்களைக் கேட்டேன். வேண்டாம்னு சொன்னீங்க. அந்தோணியண்ணன் போன் பண்ணி என்ன மாறியிருக்குன்னு கேட்டாரு. நானும் சொல்லலை. இதை நான் டைப் பண்ண மாட்டேனுங்க."

முகிலனுக்குக் கோபம் வந்தது. ஆனால் அவருக்குத் தெரிந்த மரியாதையில் அதைச் சொல்ல வழியில்லை. "நீ போய் டீ சாப்பிட்டு வா கண்ணு," என்றார்.

அதோடு அவர் கதையை முடித்திருப்பார். பிரிண்டிங் ரூம்தான் முடிக்க விடவில்லை. பையர் முழுதாகப் புதிதாக அடித்துக் கேட்டார், தேதியும் நெருங்கிக்கொண்டிருந்தது. அடிக்க ஆள் இல்லை. அந்தோணிராஜ் அவிநாசியில் வேறொரு பிரிண்டிங் யூனிட்டில் சேர்ந்துவிட்டார். அவர் யாரையும் கூப்பிடவில்லை. பையன்களே ஒவ்வொருவராகக் கிளம்பிப் போய் அங்கே வாசலில் நின்றிருக்கிறார்கள். புது ஆட்களை வைத்து முகிலன் அடித்துப் பார்த்ததில் ஹெல்மெட் பூனையின் காதுக்குப் பக்கத்தில் தனியாக மிதந்தது.

கடைசியில் என்னைக் கூப்பிட்டு ஒரு ஸ்வீட் பெட்டியைக் கையில் கொடுத்தார். "நீங்க போய்ப் பேசிப் பாருங்க. டெக்னிக்கல் இஷ்யூன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாரு."

அந்தோணிராஜ் வீடு, ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. கதவைத் திறந்த ஆஷா முதலில் பெட்டியைத்தான் பார்த்தாள்.

"இது யாரு குடுத்துவிட்டது மேடம்? நீங்களா, அவரா?"

"முகிலன் சார்தானுங்க."

"அப்ப அதை வாசல்லயே வைங்க. நீங்க உள்ள வாங்க." தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவளும் ஒரு கம்பெனியில் ஓரம் தைக்கும் ஓவர்லாக் டெய்லர். "எங்க கம்பெனி வரைக்கும் வந்துட்டு மேடம் இந்தப் பேச்சு. உன் வீட்டுக்காரருக்குக் கண்ணு தெரியாதான்னு ஒருத்தி கேக்கா. பழசைப் பாத்துப் புதுசுன்னு அடிச்சாராமேன்னு ஒருத்தி சிரிக்கா. அவிய ரெண்டு நாளா சோத்தைப் பெசஞ்சுட்டு அப்படியே வச்சிட்டு எந்திரிச்சிட்டாவ. இப்ப வேலைக்கு ஆள் இல்லைன்னதும் லட்டு குடுத்துவிடுதாரா? அந்த ஹால்ல வச்சுச் சொன்னாரே, அப்ப இந்த லட்டு எங்க போச்சு?"

அந்தோணிராஜ் உள்ளேயிருந்து வந்து சுவரில் சாய்ந்து நின்றார்.

"விஷயம் தெரியும் மேடம். ஜோதிகா மெசேஜ் போட்டிருந்துச்சு. நீங்க கம்ப்யூட்டரைத் தூக்கிட்டுப் போனதையும் பையன்கள் சொன்னானுவ. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். நான் பழசை அடிச்சேன்னு என் பையன்கள்கிட்ட யூனிட்டுக்கே ஆள் அனுப்பிச் சொன்னாரு. அதே எடத்துல வந்து, அது இல்லைன்னு அவரு வாயால சொல்லணும். அப்புறம் ஆர்டர் முடியற வரைக்கும் பையன்களை அனுப்புதேன்."

வந்து சொன்னேன். முகிலன் ஒரு நாள் முழுக்க யோசித்தார். சித்ராதேவியிடமிருந்து தேதியை நினைவுபடுத்தி மெயில் வந்ததும் யோசனை தீர்ந்துவிட்டது.

பிரிண்டிங் ரூமுக்கு அவர் வந்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. சாய வாடைக்கு மூக்கைப் பொத்தலாமா கூடாதா என்று தெரியாமல் கைக்குட்டையைக் கையிலேயே வைத்திருந்தார். பையன்கள் டேபிளுக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். அந்தோணிராஜ் சட்டையை உள்ளே விட்டு, தலை வாரி வந்திருந்தார்.

"அதாவதுங்க," என்று முகிலன் தொடங்கினார், "போன வாரம் ஒரு சின்ன கம்யூனிகேஷன் கேப் ஆயிருச்சுங்க. சிஸ்டம் லெவல்ல ஒரு மிஸ்மேட்ச். எல்லாரும் டீமா சேந்து..."

"சார்." அந்தோணிராஜ் குரலை உயர்த்தவில்லை. "இங்க பாதிப் பேரு ஒடிசா, மீதிப் பேரு எங்க ஊரு. அந்த கேப்பு யாருக்கும் வெளங்காது. வெளங்குற மாதிரி சொல்லுங்க."

முகிலன் என்னைப் பார்த்தார். நான் சாய டப்பாக்களைப் பார்த்தேன்.

"தப்பு அந்தோணிராஜ் மேல இல்லீங்க," என்றார். "போர்ட்டல்ல பழசு தெரிஞ்சிருக்குது. அதைச் சொல்லாம விட்டது நாங்கதானுங்க."

ஒடிசாக்காரன் ஒருவன் அதை மற்றவர்களுக்கு இந்தியில் மாற்றிச் சொன்னான். முகிலன் சொன்னதைவிட அது ரொம்ப நீளமாக இருந்தது. கேட்டு முடித்ததும் எல்லோரும் சிரித்தார்கள். முகிலன் அதைச் சமாதானச் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டு தானும் சிரித்தார்.

"பையன்கள் அடிச்சுக் குடுப்பாங்க சார்," என்றார் அந்தோணிராஜ். "நான் அவிநாசிக்குக் கெளம்புதேன்."

"ஏனுங்க? அதான் சொல்லிட்டேனுங்கல்ல?"

"சொல்லிட்டீங்க சார். அதைக் கேக்கத்தான் வந்தேன்."

பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். முகிலன் கைக்குட்டையோடு நின்றுகொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டால் ஆள் திரும்பி வந்தே ஆக வேண்டும் என்று அவர் எங்கேயோ படித்திருக்கிறார்.

ஆர்டர் போய்ச் சேர்ந்தது. பையன்கள் சொன்னபடி முடித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரமே அவிநாசிக்குப் போனார்கள். வெறுந்தலைப் பூனைகள் ரிஜெக்ட் சரக்கு விற்கும் காதர்பேட்டைக்குப் போய், அங்கிருந்து ஊர் முழுக்கப் பரவின. பழைய பஸ் ஸ்டாண்டில் எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் நெஞ்சில் பூனை. ராஜபாண்டி, மூன்று கண்டங்களுக்கு ஒரு நொடியில் படங்களைக் கொண்டுசேர்த்த வெற்றிக் கதை என்று ஆன்லைனில் ஒரு பதிவு போட்டார். முகிலன் அதற்கு லைக் போட்டிருந்தார். ஃபைல் பெயர்களை நான் பழையபடி மாற்றிவிட்டேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. யாரும் கவனிக்கவும் இல்லை.

ஜோதிகாதான் சரியாகவே இல்லை. ஒருநாள் பேக்கரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பப்ஸைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தோணியண்ணனுக்குப் போன் பண்ணினேனுங்கக்கா. எடுக்கலை. மறுபடியும் பண்ணினேன், ஆஷாக்கா எடுத்தாங்க."

"என்ன சொன்னாங்க?"

"திட்டினாங்க. போன்ல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்த மனுஷன் இப்படி அலையணுமாடீன்னு கேட்டாங்க. ரொம்ப நேரம் திட்டிட்டு, சாப்பிட்டியான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"இல்லைன்னு சொன்னேனுங்க. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்காங்க." பப்ஸ் துண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள். "அண்ணன் எங்கிட்டப் பேசுவாரான்னு தெரியலீங்கக்கா."

"பேசாட்டிப் போகுது," என்றேன். "போய் உக்காந்து சாப்பிட்டுட்டு வா."